‘டர்னர்னா என்னப்பா?’

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு 41 வயது. கோவையில் பம்ப் ஷாஃப்ட் செய்யும் ஒரு கம்பெனியில் 17 வருடமாக வேலை. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். படிப்பு முடிந்ததும் கணபதியில் இரும்பைச் சுழற்றிக் கடையும் ஒரு லேத் பட்டறையில், மேஸ்திரி ஒருவரிடம் ஐந்து வருடம் தொழில் பழகினேன். டூல் பிட்டை நானே சாணை பிடிப்பேன். ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் ஃபோர் ஜா சக்கில் கட்டி, டயல் வைத்து ஓட்டம் பார்த்து, கடைசியாக 20 மைக்ரான் எடுத்துவிட்டு மைக்ரோமீட்டர் வைத்தால் சொன்ன அளவு அப்படியே நிற்கும். இந்தக் கம்பெனிக்கு வந்ததும் லேத் வேலைக்குத்தான். ஆறு வருடத்துக்கு முன்பு லேத்துகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சி.என்.சி. மெஷின் இறக்கினார்கள். இப்போது நான் ஆபரேட்டர். என் பொறுப்பில் இரண்டு மெஷின். பீஸை மாட்டு, கதவைச் சாத்து, பச்சை பட்டனை அமுக்கு, ஒரு நிமிடம் 50 விநாடி நில், கழற்று. ஒரு மெஷினுக்கு ஷிப்டுக்கு 210 பீஸ்.

ஒரு நாள் நைட் ஷிப்டில் மெஷின் சத்தம் மாறியது. இரும்பை வெட்டும் இன்செர்ட்டின் முனை போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தினேன். திறந்து பார்த்தால் முனை பொரிந்திருந்தது. இன்னும் நாலு பீஸ் ஓடியிருந்தால் நாலும் ஸ்கிராப். காலையில் சூப்பர்வைசர், “உன்னை யார் நிறுத்தச் சொன்னது, டார்கெட் போச்சு” என்றார். அன்றிலிருந்து சத்தம் மாறினாலும் நான் நிறுத்துவதில்லை.

சம்பளம் 20,500. ஓ.டி. பார்த்தால் 24 வரை வரும். மூன்று மாதத்துக்கு முன்பு, மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுக்கும் செட்டர் போஸ்ட் தருகிறேன் என்றார்கள். 1,800 ரூபாய்தான் கூட, புரோகிராம் எல்லாம் இங்கிலீஷ், ரிஜெக்‌ஷன் வந்தால் நம் தலையில் விழும் என்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பட்டறையில் என்னோடு பழகிய நண்பன் சொந்தமாக ஷெட் போட்டு இரண்டு பழைய லேத் ஓட்டுகிறான். நாலு லட்சம் போட்டுப் பங்குக்கு வா என்கிறான். வீட்டுக்காரியின் நகையை வைத்தால் முடியும். அவள், “மாசம் பொறந்தா சம்பளம் வருது, பேசாம இருங்க” என்கிறாள். அவளுக்குச் சர்க்கரை. ஈ.எஸ்.ஐ.யில்தான் மாத்திரை வாங்குகிறோம்.

மகள் பிளஸ் ஒன். பள்ளியில் கொடுத்த படிவத்தில் அப்பா தொழில் ‘மெஷின் ஆபரேட்டர்’ என்று எழுதினாள். டர்னர் என்று எழுது சாமி என்றேன். “டர்னர்னா என்னப்பா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. காலையில் எழுந்தால் வேலைக்குப் போக வேண்டுமே என்று நெஞ்சு கனக்கிறது. இது வியாதியா? எல்லோரும் பிழைப்புக்குத்தானே வேலைக்குப் போகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இப்படி?

(பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி, வணக்கம். உங்களைவிட இருபது வயது மூத்தவன் என்பதால் தம்பி என்கிறேன். ஒரு நூற்பாலையில் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது நாள் முழுக்க, வேலை பிடிக்காதவர்களோடும் வேலை கிடைக்காதவர்களோடும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வியாதியா என்ற கேள்வி. காலையில் நெஞ்சு கனக்கிறது என்கிறீர்கள். மத்தியானம் வீட்டில் இருந்தால்? ஞாயிற்றுக்கிழமை? கறி எடுத்துச் சமைத்தால் ருசிக்கிறதா, மகள் எதையாவது சொன்னால் சிரிப்பு வருகிறதா, கோவில் நோம்பிக்குப் போக மனசு வருகிறதா? அதெல்லாம் சரியாக இருந்து வேலைக்குப் புறப்படும் நேரத்தில் மட்டும் கனக்கிறது என்றால் அது வேலையைப் பற்றிய விஷயம். எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமும் போய்விட்டது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. படியேறும்போதும் அதே கனம் வருகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் மனசைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஈ.சி.ஜி. ஒன்று எடுத்துவிடுங்கள். நைட் ஷிப்ட் பார்க்கும் 41 வயதுக்காரர் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் முதல் வகை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதிலும் பிடிப்பில்லாதவர், 20 மைக்ரானை எப்படி எடுத்தேன் என்று எனக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது நண்பரின் ஷெட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று கேட்கிறீர்கள் என நினைத்தேன். இரண்டாவது முறை அந்த நைட் ஷிப்டில் நின்றுவிட்டேன். “அன்றிலிருந்து சத்தம் மாறினாலும் நான் நிறுத்துவதில்லை.” உங்கள் கடிதத்தில் என்னைச் சங்கடப்படுத்திய வரி இதுதான். ஆறு வருடமாக பட்டன் அமுக்குகிறீர்கள், ஆனாலும் உங்கள் காது டர்னர் வேலையை விடவில்லை. மெஷினில் லோடு கூடினால் அலாரம் அடிக்கும்படி வைத்திருப்பார்கள், இல்லையென்றால் இத்தனை பீஸுக்கு ஒரு முறை இன்செர்ட் மாற்று என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் முன்னாலேயே உங்கள் காதில் விழுந்துவிட்டது. அதற்குக் கிடைத்தது திட்டு. அதன் பிறகு நீங்களே காதை அடைத்துக்கொண்டீர்கள். இன்செர்ட் போவதைக் கேட்டுக்கொண்டே நிற்க உங்களைப் போன்ற ஆளால் எப்படி முடிகிறது என்று யோசித்தேன். முடியவில்லை, அதனால்தான் கடிதம் வந்திருக்கிறது.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். நான் இருந்த மில்லில் மெயின்டனன்ஸில் ஒரு ஃபிட்டர். வேலை சுத்தம். எந்த மெஷின் நின்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். புது மெஷின்கள் வந்தபின், பழுது என்றால் கம்பெனி எஞ்சினியரே வந்து போர்டை மாற்றிவிட்டுப் போவார் என்றாகிவிட்டது. இவருக்கு எண்ணெய் விடுவதும் பெல்ட் மாற்றுவதும்தான் மிச்சம். என்னிடம் வந்து, “சார், ஏதாச்சும் பண்ணுங்க, பொழுது போக மாட்டேங்குது” என்றார். நான் என்ன புரிந்துகொண்டேன் தெரியுமா? சம்பளத்தைச் சுற்றி வளைத்துக் கேட்கிறார் என்று. மேலே பேசி ஒரு இன்கிரிமென்ட் வாங்கிக் கொடுத்தேன். நல்லது செய்துவிட்ட திருப்தி எனக்கு. மூன்று மாதத்தில் ராஜினாமா கடிதம் வந்தது. கணக்கு முடிக்க வந்தவரிடம் ஏன் என்று கேட்டேன். “நான் கேட்டது ஒண்ணு, நீங்க குடுத்தது ஒண்ணுங்க சார்” என்று சொல்லிவிட்டு டீ குடித்தார். கோபமெல்லாம் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

‘எல்லோரும் பிழைப்புக்குத்தானே போகிறார்கள்’ என்கிறீர்கள். பாதி சரி. அமெரிக்காவில் ஏமி ரெஸ்னெஸ்கி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1997-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தங்கள் வேலையை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று 196 பேரிடம் கேட்டிருந்தார்கள். சம்பளத்துக்கான வேலை என்றவர்கள் ஒரு பங்கு, மேலே ஏறிப்போகிற பாதை என்றவர்கள் ஒரு பங்கு, இது என்னுடைய தொழில், நான் இதற்கானவன் என்றவர்கள் ஒரு பங்கு. ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகப் பிரிந்தார்கள். ஒரே மாதிரி நிர்வாக உதவியாளர் வேலை பார்த்த 24 பேரைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் அவர்களும் இப்படியே மூன்றாகத்தான் பிரிந்தார்கள். ஒரே பதவி, மூன்று விதமான மனசு.

நம் பேச்சிலும் இந்த மூன்றுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கத்தான் செய்கிறது. பொழப்பு, உத்தியோகம், தொழில். நீங்களே கடிதத்தில் ‘மேஸ்திரியிடம் தொழில் பழகினேன்’ என்று எழுதிவிட்டு, ‘கம்பெனியில் வேலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். யோசித்து எழுதியிருக்க மாட்டீர்கள்.

பொழப்பு என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களை எனக்கு நிறையத் தெரியும். ஷிப்ட் முடிந்தால் கேட்டுக்கு வெளியே வேலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புறாவோ தோட்டமோ கட்சியோ என்று போய்விடுவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. மனைவி உங்களையும் அப்படி இருக்கச் சொல்கிறார். சிலருக்கு அது வரும். உங்களுக்கு வரும் என்று தோன்றவில்லை. தொழில் பழகியவனைப் பொழப்பு பார்க்கச் சொன்னால் கை சும்மா இருந்தாலும் காது சும்மா இருக்காது.

இனி செட்டர் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் நடுவில், பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொல்வது மாதிரி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் மொத்தக் கடிதத்துக்கும் பதில் அந்த மூன்று வரிகளுக்குள் இருக்கிறது.

லேத்தில் உங்களுக்குப் பிடித்தது எது? இரும்பைத் தொடுவதா, கைப்பிடியைச் சுற்றுவதா? ஓரளவு அதுவும்தான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பப் படியுங்கள். சாணை பிடித்தேன், கட்டினேன், ஓட்டம் பார்த்தேன், கடைசியில் இவ்வளவுதான் எடுப்பது என்று நான் நிறுத்தினேன். எல்லாமே முடிவுகள். எந்தக் கோணத்தில் சாணை, எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம் என்று ஒரு ஷாஃப்டுக்குள் முப்பது முடிவு எடுத்திருப்பீர்கள். சி.என்.சி. வந்தபின் அந்த முடிவுகள் காணாமல் போய்விடவில்லை. கம்பெனிக்குள்ளேயே வேறு ஆளிடம் போய்விட்டன. சக்கின் ஜாவை எப்படிக் குடைவது, எந்த இன்செர்ட், டூல் எவ்வளவு நீட்டி நிற்க வேண்டும், ஃபர்ஸ்ட் பீஸ் எடுத்துப் பார்த்து டூல் நிற்கும் அளவான ஆப்செட்டை எத்தனை மைக்ரான் தட்டுவது, எத்தனை பீஸுக்கு ஒரு முறை முனையை மாற்றுவது, இதெல்லாம் யாருடைய வேலை? செட்டருடையது. ஆறு வருடமாக நீங்கள் தேடுகிற சாமான் பக்கத்து மேஜையில் இருக்கிறது. அவர்களாகவே எடுத்துக் கொடுத்தார்கள், நீங்கள் இங்கிலீஷ் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்த இங்கிலீஷைக் கொஞ்சம் பார்ப்போம். திரையில் இப்படி ஒரு வரி ஓடும்: ஜி01 எக்ஸ்25.0 இசட்-40.0 எஃப்0.2. இதைப் படிக்க எந்த கான்வென்ட்டுக்கும் போக வேண்டாம். ஜி01 என்றால் நேராக வெட்டிக்கொண்டு போ. எக்ஸ் விட்டம், 25 மில்லிமீட்டர். இசட் நீளம். ஃபேஸை, அதாவது பீஸின் முன்முகத்தை, ஜீரோவாக வைத்து சக்கைப் பார்த்து 40 வரை போவதால் மைனஸ். எஃப் ஃபீடு. மெட்டீரியல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் டூல் 0.2 நகர வேண்டும். லேத்தில் கியர் நெம்புகோலைப் போட்டு நீங்கள் செய்ததை அங்கே எழுத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எம்03 என்றால் சக்கை முன்பக்கமாகச் சுற்று. எம்08 என்றால் கூலன்ட்டைத் திற. அடிக்கடி புழங்குகிற கோடு இருபது, இருபத்தைந்து இருக்கும். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த, லேத்தைத் தொடாத ஒரு பி.காம். பட்டதாரியிடம் இந்த வரியைக் காட்டுங்கள், முழிப்பார். ஃபீடு 0.2 என்று வைத்தால் ஃபினிஷ் எப்படி வரும் என்று உங்கள் விரல் நுனிக்குத் தெரியும். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து வருடமும் ஒரு மேஸ்திரியும் வேண்டும்.

அலாரம் மெசேஜ், மெனு, மேனுவல் எல்லாம் இங்கிலீஷில்தான் வரும், அதை மறைக்க மாட்டேன். ஒரு நோட்டு போட்டு, வருகிற அலாரத்தை அப்படியே பார்த்து எழுதி, பக்கத்தில் தமிழில் என்ன செய்தோம் என்று எழுதி வையுங்கள். ஒரே மெஷினில் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம்தான். வீட்டில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை இருக்கிறாள், அவளையும் கேட்கலாம். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகிய காலப் பயிற்சிகளில் சி.என்.சி.யும் உண்டு. உங்கள் ஷிப்டுக்கு ஒத்துவருகிற வகுப்பு இருக்கிறதா என்று நீங்கள் படித்த ஐ.டி.ஐ.யிலேயே விசாரியுங்கள். ஆனால் ஒன்று: சர்டிபிகேட்டுக்காக அலைய வேண்டாம். உங்களுக்கு வேண்டியது மெஷின் முன்னால் ஒரு மாதம், பக்கத்தில் பொறுமையான ஒரு செட்டர்.

ரிஜெக்‌ஷன் தலையில் விழும் என்ற பயம் நியாயமானது. லேத்திலும் விழுந்ததே? அப்போது ஒரு ஷாஃப்ட் போனால் ஒன்று. இங்கே கவனிக்காமல் விட்டால் நாற்பது போகும். அதனால், ஏற்பதாக இருந்தால் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்துகிற அதிகாரம் செட்டருக்கு உண்டா? நிறுத்தினால் அந்த நேரம் டார்கெட்டில் கழிக்கப்படுமா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ வாங்காமல் உட்கார்ந்தால், பழைய சூப்பர்வைசரிடம் அதே திட்டை 1,800 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு கேட்பீர்கள்.

அந்த 1,800 ரூபாயில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, உங்கள் மனைவி கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஈ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பள வரம்பு 21,000. வரம்புக்குள் வருகிறீர்களா என்று பார்க்கும்போது ஓ.டி.யைச் சேர்க்க மாட்டார்கள். அதனால்தான் கையில் 24 வாங்கினாலும் 20,500 கணக்கில் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். 1,800 ஏறினால் 22,300. வெளியே வந்துவிடுவீர்கள். உடனே நிறுத்த மாட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று சந்தா காலம் இரண்டு உண்டு. நடுவில் சம்பளம் ஏறினால் அந்த அரையாண்டு முடிகிறவரை பிடித்தம் தொடரும், அந்தப் பிடித்தத்துக்குரிய சலுகைக் காலமும் கிடைக்கும். அதன் பிறகு சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிப் பக்கம் இந்த அட்டையோடு போக முடியாது. மாதம் 150 ரூபாய் சொச்சம் பிடித்தத்தில் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைத்துக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு 1,800 என்றால் கிட்டத்தட்ட சும்மா பதவி உயர்வு மாதிரிதான்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லக் கூடாது, பேரம் பேச வேண்டும். “ஈ.எஸ்.ஐ. போகுது சார், குடும்பத்துக்கு குரூப் இன்சூரன்ஸ் போட்டுக் கொடுங்க, இல்லேன்னா அதுக்குத் தக்கபடி ஏத்திக் கொடுங்க” என்று கேளுங்கள். நான் அந்தப் பக்க நாற்காலியில் இருந்தவன், சொல்கிறேன்: இது கேட்கக் கூடாத கேள்வி இல்லை. நிறையப் பேர் கேட்பதில்லை, அதனால் நாங்களும் கொடுப்பதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. சர்க்கரை மாத்திரைக்கு மட்டும் கவலை வேண்டாம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். இதை மனைவியிடம் முதலில் சொல்லிவிட்டு அப்புறம் செட்டர் பேச்சை எடுத்தால் வீட்டில் பாதி சண்டை குறையும்.

நண்பரின் ஷெட். நான் அதற்கு எதிரி இல்லை. கோவையில் கை லேத் செத்துவிடவில்லை. ஆயிரம் பீஸ் வேலைதான் சி.என்.சி.க்குப் போய்விட்டது. தேய்ந்த ஷாஃப்டில் வெல்டிங் போட்டு ஏற்றித் திரும்பக் கடைவது, ஒரே ஒரு புஷ், நின்றுபோன மில் மெஷினுக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ரோலர், இந்த மாதிரி பிரேக்டவுன் வேலைக்கு இன்றைக்கும் கை தெரிந்த டர்னரைத்தான் தேடுகிறார்கள், ஆள் கிடைப்பதில்லை. உங்கள் நண்பரிடம் இந்த வேலை வருகிறதா, இல்லை யாரோ ஒரு பெரிய கம்பெனிக்கு நூறு நூறாக ஒரே பீஸைக் கடைந்து கொடுக்கிறாரா? இரண்டாவது என்றால், இங்கே பட்டன் அமுக்குவதை அங்கே கைப்பிடி சுற்றிச் செய்யப் போகிறீர்கள். அதுவும் நாலு லட்சம் கொடுத்து.

பணம் எப்போது வருகிறது என்றும் கேளுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் வருடச் சட்டம் சொல்கிறது, தவறினால் வட்டியும் உண்டு. ஆனால் வட்டி கேட்டுக் கடிதம் போட்ட பட்டறைக்கு அடுத்த ஆர்டர் வருமா என்று நண்பரையே கேளுங்கள், சிரிப்பார். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியபோது, மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணமும் சேர்ந்து ஏறி இங்குள்ள ஜாப் ஒர்க் பட்டறைகள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். அங்கே போனால் நீங்கள் முடிவெடுக்கத்தான் செய்வீர்கள், ஆனால் அதில் பாதி இந்த மாதம் கரண்ட் பில்லா வாடகையா என்ற முடிவு. சிலருக்கு அதுவும் ருசிக்கும். உங்களுக்கு ருசிக்குமா என்பது நாலு லட்சம் போடாமலே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்.

எப்படி? மூன்று மாதம், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, ஷெட்டுக்குப் போய் சும்மா கூட நில்லுங்கள். பங்கும் வேண்டாம், கூலியும் வேண்டாம். உங்கள் கம்பெனி வாடிக்கையாளரின் வேலையாக இருந்தால் மட்டும் தொடாதீர்கள், வேலைக்கே ஆபத்து. லேத் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், நண்பர் போனில் பணம் கேட்டுக் கெஞ்சுவதை எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். அதற்குப் பிறகும் போகத் தோன்றினால் எழுதுங்கள், மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும் மானியக் கடன்களைப் பற்றி விரிவாகப் பேசலாம். நகையை வைத்து, அதுவும் வாய்ப்பேச்சுப் பங்குக்கு, போகாதீர்கள். சிநேகிதமும் போகும், நகையும் போகும். எத்தனையோ பார்த்துவிட்டேன்.

கணக்குக்காக ஒன்று. எப்போது வெளியே வந்தாலும் 17 வருடத்துக்குப் பணிக்கொடை உண்டு. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து. உங்கள் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 15,000 என்று வைத்துக்கொண்டால் 15,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 17-ஆல் பெருக்கினால் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் போதும், அது உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. 58 வயதில் வரும். வெளியே வந்தால் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘இத்தனை வருஷம் போட்டதெல்லாம் போயிடுமே’ என்ற பயத்தில் ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை. கோபத்தில் கிளம்பவும் வேண்டியதில்லை.

மகளுக்கு வருவோம். அவள் கேட்டதில் தப்பில்லை. அவள் பிறந்து வளர்ந்து விவரம் தெரிந்தபோது வீட்டில் இருந்தவர் ஆபரேட்டர்தான். டர்னரை அவள் பார்த்ததே இல்லை. ஆயுத பூஜை அன்று கம்பெனிக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போவீர்கள், மெஷினுக்குச் சந்தனம் வைத்துப் பொரி கொடுப்பார்கள், ஆனால் அன்றைக்கு எல்லா மெஷினும் நின்றிருக்கும். நின்ற மெஷினைப் பார்த்துப் பிள்ளைக்கு என்ன புரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரின் ஷெட்டுக்குக் கூட்டிப்போங்கள். ஒரு துண்டு எம்.எஸ். இரும்பு ராடை மாட்டுங்கள். அவளைக் கண்ணாடி போட்டுத் தள்ளி நிற்கச் சொல்லி, துப்பட்டாவை இறுக்கிக் கட்டச் சொல்லி, ஒரு கட்டிங் எடுத்துக் காட்டுங்கள். சுருள் நீலமாகச் சுற்றிக்கொண்டு விழுமே, அதை ஆறவிட்டு கையில் கொடுங்கள். மைக்ரோமீட்டரில் அவள் தலைமுடி ஒன்றை வைத்து அளந்து காட்டிவிட்டு, ‘இதில் மூன்றில் ஒரு பங்கு கூடவோ குறையவோ கூடாதுன்னு கடைஞ்சவன்டா உங்கப்பன்’ என்று சொல்லுங்கள். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளுங்கள். பரவாயில்லை.

சத்தம் மாறினால் இனிமேல் நிறுத்துங்கள். டார்கெட் ஷீட்டில் நேரத்தையும், இன்செர்ட் முனை பொரிந்தது என்ற காரணத்தையும், ‘நாலு பீஸ் தப்பித்தது’ என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பழைய இன்செர்ட்டை ஒரு கவரில் போட்டு தேதி எழுதி வையுங்கள். திட்டுவார்கள், ஒன்றிரண்டு முறை. பத்து கவர் சேர்ந்தபின் புரொடக்‌ஷன் மேனேஜர் மேஜையில் கொட்டுங்கள். நான் பார்த்த மேனேஜர்களில் ஸ்கிராப் கணக்கைக் கண்டால் காது கொடுக்காதவர் குறைவு.

செட்டர் போஸ்ட் சொன்னது மூன்று மாதத்துக்கு முன்பு என்கிறீர்கள். அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களா, காலியாக இருக்கிறதா என்று எழுதவில்லை. அது தெரியாமல் நான் மேலே எழுதியதில் பாதிக்கு அர்த்தமில்லை. திங்கட்கிழமை ஷிப்ட் ஏறுவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.